டயர் கடையிலிருந்து இரண்டு தெரு

மூன்று மணிக்குக் கூட்டம். மூன்றே முக்கால் ஆகியும் மாமரத்தடியில் யாதிராவையும் அவள் கொண்டுவந்த ஆறு குரோட்டன் தொட்டிகளையும் தவிர ஓர் ஈ காக்கை இல்லை.

மனாகுவா நகரத்தில் மூன்று மணி என்றால் மூன்றரை. அதற்குப் பெயர் தாமதம் இல்லை. ஆனால் கைப்பேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. “வந்துட்டோம், நீங்க எங்க?” என்று பதினேழு பேர் கேட்டிருந்தார்கள்.

வந்துவிட்டார்களாம். எங்கே வந்துவிட்டார்கள்? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

செடிகளை மாற்றிக்கொள்கிறவர்களின் குழு அது. மூன்று வருடமாகக் கைப்பேசித் திரையிலேயே பழகியவர்கள். இன்றுதான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் போகிறார்கள்.

குழுவை நடத்துகிறவள் யாதிரா. இடம் பிடிக்க ஒரு மாதம் அலைந்தாள். வணிக வளாகத்தில் மண் சிந்தும் என்று முகத்தைச் சுளித்தார்கள். பூங்காவில் மருந்துக்குக்கூட நிழல் இல்லை. கடைசியில், கரி அடுப்பில் கறி வாட்டி விற்கும் தோன்யா தெல்மா தன் முற்றத்தைத் தந்தாள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டாவது சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. வாக்கெடுப்பில் முப்பத்தொரு பேர் சரி என்றார்கள்.

வழியையும் யாதிராவே எழுதிப் போட்டாள். டயர் கடையிலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, சூரியன் உதிக்கும் பக்கம் அரைத் தெரு. தெருக்களுக்குப் பெயரே இல்லாத ஊரில் இதைவிடத் தெளிவாக யார் எழுதிவிட முடியும்?

ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ஜெபக்கூடம். மூன்று பெண்கள் மடியில் தொட்டிகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் பாதியில் எழுந்துபோக விடமாட்டேன் என்கிறாராம்.

இன்னொரு படத்தில் ஒரு பெரியவர் முடிதிருத்தும் கடை வாசலில் கள்ளிச்செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் இரண்டு தெரு எண்ணித்தான் வந்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது யாதிராவுக்கு.

அப்போதுதான் மெய்லிங் அழைத்தாள். குழுவில் தினமும் பேசுகிறவள். நேரில் பார்த்ததில்லை.

“ஏங்க, எந்த டயர் கடைங்க? இது நான் பாக்குற மூணாவது கடை. வாழைக்கன்னைத் தூக்கித் தூக்கிக் கை கழண்டு போச்சு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லுங்க!”

குண்டும் குழியுமான ஊரில் டயர் கடைக்கா பஞ்சம்? ஆனால் எந்தக் கடை என்ற கேள்வியே யாதிராவுக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தெரிந்து டயர் கடை ஒன்றுதான். மஞ்சள் கதவு போட்டது. அவள் கணவனுடையது.

கதவு இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. அவன் எல்லை தாண்டிக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான். போன டிசம்பரில் வருவதாக இருந்தது, இந்த டிசம்பரில் வந்துவிடுவான். பெயர்ப்பலகை மழையில் விழுந்துவிட்டது, உண்மைதான். வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

இந்த ஊரில், இல்லாமல் போனவற்றை வைத்துத்தான் பாதிப் பேருக்கு முகவரி. நிலநடுக்கத்தில் இடிந்த திரையரங்கை இன்றும் ‘திரையரங்கு இருந்த இடம்’ என்று சொன்னால் போதும், எந்தத் தெருமுனைக் கிழவரும் கொண்டுபோய் விட்டுவிடுவார். இருக்கிற கடை என்று சொன்னால்தான் வம்பு, கண்ணில் படுகிற முதல் கடையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

யாதிராவுக்கும் அது தெரியாதா என்ன? ஆனாலும் ‘இருந்த இடம்’ என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. பூட்டிக் கிடக்கிற கடை எப்படி இல்லாத கடையாகும்? எழுதிவிட்டால் அவன் வராமலே போய்விடுவானோ என்று பயம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“அங்கேயே நில்லுங்க, நான் தேடி வர்றேன்” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தாள். இரண்டு முனை தாண்டியும் தொட்டியோடு ஒருவரையும் காணோம். இதற்குள் குழுவிலிருந்து இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகியிருந்தார்கள். அழுகை வந்தது.

திரும்பி வந்தால், முற்றம் நிறைந்திருந்தது.

பெரணிகள், ரோஜாப் பதியன்கள், கள்ளிப் பெரியவர், ஜெபக்கூடத்திலிருந்து தப்பித்த மூவர். தோன்யா தெல்மா அதற்குள் தட்டுகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள். இதெல்லாம் எப்படி நடந்தது என்று யாதிரா வாசலிலேயே திகைத்து நின்றாள்.

வாழைக்கன்றோடு ஒருத்தி சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். மெய்லிங்தான்.

“நீங்க எழுதினதை நம்பியிருந்தா ராத்திரிதான் வந்து சேர்ந்திருப்போம்! நல்லவேளை, ஒரு மனுஷர் ஒழுங்கா எழுதினாரு. தெருமுனையில இருந்த பாட்டிகிட்டக் காட்டினதும் விரலை நீட்டிட்டாங்க. யாருங்க அந்த நோர்லான்? எங்க உக்காந்திருக்காரு?”

யாதிரா கைப்பேசியைத் திறந்தாள். புகார்களுக்கு நடுவே இருந்தது.

“மஞ்சக் கதவு டயர் கடை இருந்த இடத்துலேருந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு. சூரியன் உதிக்கிற பக்கம் அரைத் தெரு.”

குழு தொடங்கிய நாளில், ஆள் கணக்குக் காட்டுவதற்காக அவளேதான் கணவனைச் சேர்த்துவிட்டாள். மூன்று வருடத்தில் நோர்லான் ஒரு வார்த்தை எழுதியதில்லை. இதுதான் முதல்.

‘இருந்த இடம்’ என்று கடைக்காரனே எழுதிவிட்டான்.

மெய்லிங் இன்னும் முகங்களைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“இங்க இருந்தவருங்க” என்று சொல்லிவிட்டு, யாதிரா அவள் கையிலிருந்த வாழைக்கன்றை வாங்கி நிழலில் வைத்தாள்.