ஆறு குத்து

எண்பதாம் வருஷத்து ஜனவரி வெயில் சன்னல் வழியாக மைப்புட்டியின் மேல் விழுகிறது. இந்த வடநாட்டு கேம்ப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு அறைதான் இன்றைக்கு வாக்குச்சாவடி. குட்டி பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட, கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற எனக்கு, மூலையில் அட்டை மறைப்புக்குக் கீழே என் மனைவி சத்தியவதியின் செருப்பும் நீலப் புடவைக் கரையும் தெரிகின்றன. "எவனையும் நம்பலைன்னா வீட்டுல இருக்கலாம்லா" என்று காலையில் கேட்டேன். "போன தடவ இருந்தேன். என் ஓட்ட எவனோ போட்டுட்டுப் போயிட்டான். இந்தத் தடவ அத நானே கெடுத்துக்கிடுதேன்" என்றாள். இப்போது ரப்பர் முத்திரை மேஜையில் இறங்கும் சத்தம் கேட்கிறது. ஓர் ஏஜெண்டு பட்டியலில் கோடு போடக் குனிகிறார். இரண்டாவது குத்தில் அவருடைய பென்சில் நிற்கிறது. மூன்று, நான்கு, ஐந்து. நோட்டுத் திருத்துகிற கையின் அதே நிதானம். சீட்டில் சின்னங்கள் ஆறு, குத்தும் ஆறு. அதிகாரி எழுந்து, "பஹன்ஜி, ஏக் ஹி, ஏக்" என்று, ஒன்றுதான் என ஒரு விரலைக் காட்டுகிறார். மடித்த சீட்டோடு வெளியே வருகிறாள். "தெரியும். இந்த ரூமில் எண்ணச் சொல்லிக்கொடுக்கிறதே நான்தான்" என்கிறாள் இந்தியில். செல்லாத ஓட்டு, செல்லாத ஓட்டு என்று பெஞ்சு முழுக்க முணுமுணுப்பு. அவள் திரும்புகிறாள். தினமும் வகுப்பில் செய்கிறது போலவே, மை காயாத விரலை உதட்டின் மேல் வைக்கிறாள். பெஞ்சு அடங்குகிறது. அந்த நிசப்தத்தில் சீட்டு பெட்டிக்குள் விழுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்கிறது.