சிப்பாய் ராணியான விதம்

கடல் தாண்டிப் போய் வேற்று நாட்டாருடன் சதுரங்கப் போட்டி ஆடும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. காய்களை அவரவர் கொண்டுவந்தார்கள். விதிகளை மட்டும் பேசிப் பொதுவாக்கிக்கொண்டார்கள்.

வெள்ளைச் சிப்பாய் ஒன்று கடைசிக் கட்டத்துக்கு முந்தைய கட்டம் வரை வந்துவிட்டது. பலகைக்கு வெளியே வெட்டுப்பட்டுக் கிடந்த கறுப்புச் சிப்பாய் அதனிடம் கேட்டது: "அடுத்து என்னவாகப் போகிறாய், தம்பி?"

"எனக்கு முன்னால் இருப்பது, ஆட்டத் தொடக்கத்தில் குதிரை நிற்கிற கட்டம். எங்கள் ஊர் விதிப்படி குதிரை ஆவேன்."

"இங்கே பேசிய விதி தெரியாதா? எந்தக் கட்டமானாலும் ராணியே ஆகலாம்."

"ராணியா? இந்த மூஞ்சிக்கா?" வெள்ளைக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன.

ஆட்டக்காரர் அதைக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். மறுகணமே எடுத்துப் பலகைக்கு வெளியே போட்டார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வெட்டுப்பட்டுச் சும்மா கிடந்த வெள்ளை ராணியை அந்தக் கட்டத்தில் நிறுத்தினார். அரங்கம் கைதட்டியது.

"நான் எங்கே ராணி ஆனேன்?" என்றது வெள்ளை. "எங்கள் ஊரில் என் கழுத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டு, என்னையேதான் குதிரை என்பார்கள்."

கறுப்பு சற்று உருண்டு இடம் விட்டது.

"கைதட்டல் உனக்குத்தான், தம்பி. இங்கிருந்தாலும் கேட்கும்."