வயிறு நிறையட்டும்

“கொஞ்சம் தூங்க விடுங்கக்கா. தூங்குற பிள்ளைதான் படத்துல அழகா வரும்” என்றான் பவித்ரன்.

உள்ளறைத் திரைக்கு வெளியே காவல் நின்ற ஆசியா அவன் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி மனைவிக்குக் குரல் கொடுத்தாள்.

“ஹஃபீஸா! தூங்க விடாத. உள்ளங்காலைச் சுண்டு!”

உள்ளே பச்சைக் குழந்தை வீறிட்டது. பவித்ரனுக்குத் தன் காலையே யாரோ சுண்டியது போலிருந்தது.

குழந்தைகளைப் படம் எடுப்பது அவன் தொழில். ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்குக் காலையிலேயே வந்துவிட்டான். கூடத்தில் கூடை வைத்து, மெத்தென்று துணி விரித்து, விளக்கெல்லாம் பொருத்தியாயிற்று. வீட்டார் எல்லோருக்கும் ஒரே பச்சையில் பாஜு உடுப்பு. ஆசியாவுக்கு மட்டும் படம் எடுக்க விட மனசு வரவில்லை.

இந்தப் படத்துக்குச் சொல்லிவைத்தவள் ரஹிமா. ஆசியாவுக்கும் அவள் தம்பி அப்துல் ரசாக்குக்கும் கடைசித் தங்கை. “பிள்ளை பிறந்ததும் வந்துடணும்ணே” என்று சிரித்தவள், பிரசவத்திலேயே போய்விட்டாள். புருஷன் அதற்கு முன்பே விட்டுப் போயிருந்தான். குறைமாதத்தில் பிறந்த ஷாஃபி ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, முந்தாநாள்தான் இந்த மாமன் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

ரசாக்கின் மகள் ஆஃப்ஷீனுக்கு ஒன்றரை வயது. அவளும் இன்னும் தாய்ப்பால் மறக்கவில்லை. திரையைப் பிடித்து இழுத்து அழுதாள்.

ஆசியா அவளைத் தூக்கி அப்பால் விட்டாள். “உனக்குப் பாட்டில்ல சூசுப் பாலு இருக்குலா. போ!”

“அக்கா, பாப்பா அழுதா முகம் வீங்கிடும். தம்பிப் பாப்பாவைக் குடுங்க. அக்கா தம்பி ரெண்டு பேரையும் கூடையில வச்சு டக்குனு ஒண்ணு எடுத்துடுறேன்.”

“யாரு அக்கா? யாரு தம்பி?” ஆசியா சுள்ளென்று விழுந்தாள். “அத்தை மகன் அவன். இவளுக்கு முறைப் பையன். நாளைக்கு வளர்ந்தா இவ அவன் முன்னால முக்காடு போட்டுத்தான் நிக்கணும். ஹஃபீஸாவும்தான். மாமன் பொண்டாட்டி தாயாயிடுவாளா?”

“சரி, பிள்ளையை மட்டும் தனியா...”

“ஒரு படம்கூட வேணாம். நான் சொல்ற வரைக்கும் கேமராவைத் தொடாதீங்க.”

பவித்ரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போனவள் கூடப்பிறந்த தங்கை. அவள் பெற்றதை முறை பேசி, முக்காடு பேசி ஒதுக்குகிறாளே, மனுஷியா இவள்?

விறுவிறுவென்று விளக்கைக் கழற்ற ஆரம்பித்தான்.

கடையிலிருந்து அப்போதுதான் வந்த ரசாக் பதறினான். “என்ன தம்பி, கிளம்புறீங்க?”

“பச்சைப் பிள்ளையைத் தூங்க விடாமப் படுத்துற வீட்டுல எனக்குப் படம் எடுக்கக் கை வரலண்ணே.”

ரசாக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் உள்ளேயிருந்து ஹஃபீஸாவின் குரல்.

“மைனி! போதும்னு முகத்தைத் திருப்பிக்கிட்டான். இனி வச்சாலும் துப்புறான்.”

ஆசியா திரையை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஷாஃபி. கடைவாயில் பால் வழிய, நல்ல தூக்கம். அவள் முகமெல்லாம் கண்ணீர்.

“அஞ்சாவது தடவைடா ரசாக். வயிறு நிறைஞ்சிருச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று ரசாக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பவித்ரன் ஒன்றும் புரியாமல் நின்றான். ரசாக் குரலைத் தணித்தான்.

“எங்க மார்க்கத்துல, ஒருத்தி ஒரு சிசுவுக்கு அஞ்சு தடவை வயிறு நிறையப் பால் குடுத்துட்டா, அவ அதுக்குத் தாய்தான் தம்பி. அவ பிள்ளைங்க அதுக்குக் கூடப்பிறந்தவங்க. அப்புறம் முறையும் இல்ல, முக்காடும் இல்ல. அரைவயித்துல தூங்கிட்டா கணக்குல சேராதுன்னு ஆசியா லாத்தாவுக்குப் பயம். இவன் நேத்தெல்லாம் பாதியிலயே தூங்கிட்டான். பால் குடுக்கிற சமாசாரம், வெளி ஆம்பளைகிட்ட எப்படிச் சொல்லுவாங்க?”

பவித்ரனால் ஆசியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே விளக்கைத் திரும்பப் பொருத்தினான்.

ஹஃபீஸா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஆசியா ஷாஃபியை அவள் மடியில் கிடத்தி, ஆஃப்ஷீனை வாரியெடுத்து, மூக்கைத் துடைத்து, அவன் தலைமாட்டில் உட்கார வைத்தாள்.

“இப்ப எடுங்க தம்பி. தாயில்லாப் பிள்ளையா இவனுக்கு ஒரு படம்கூட இருக்கக் கூடாதுன்னுதான் உங்களை இவ்வளவு நேரம் காக்க வச்சேன்.”