டாக்டரைப் பார்த்தாச்சு

“டாக்டரம்மா கிளம்பியாச்சா?”

மகள் இசையில் முனைவர் பட்டம் வாங்கியதிலிருந்து அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

“கிண்டல் பண்ணாதீங்கப்பா. முதல் நாளே லேட்டாகுது.”

“கல்லூரியில பாட்டுச் சொல்லிக்கொடுக்க மைக் உண்டா?”

“உண்டுப்பா.”

“இருந்தாலும் தொண்டை முக்கியம். வெந்நீர் எடுத்துக்கோ.”

பச்சை பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

மூட்டுவலியைச் சொன்னால் முதல் நாளே லீவு போட்டுவிடுவாள் என்று, அவள் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார். டோக்கன் நாற்பத்து நாலு. கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

“டோக்கன் நாற்பத்து மூணு, இரண்டாம் அறைக்கு வாங்க.”

ஒலிபெருக்கியில் சுருதி பிசகாத குரல். அப்பா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மைக். பக்கத்தில் பச்சை பிளாஸ்க்.

“டோக்கன் நாற்பத்து நாலு.”

சட்டென்று தூண் மறைவுக்கு நகர்ந்தார்.

“நாற்பத்து நாலு இருக்கீங்களா?”

பக்கத்தில் இருந்தவர் அவர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தார். “உங்களைத்தான் கூப்பிடுறாங்க சார். டாக்டரைப் பார்க்கலையா?”

“பார்த்துட்டேங்க” என்றபடி சீட்டைக் கசக்கிக்கொண்டு, அப்பா வாசலை நோக்கி நொண்டினார்.