துரைக்குப் பிடித்த மரம்

ஹார்டிங் துரை மரத்துண்டைத் தூக்கி நாக்கால் ஒரு நக்கு நக்கினார்.

"உப்புக் கரிக்கிறது. கடலில் கிடந்த மரம்தான்," என்றார் இங்கிலீஷில்.

துபாசி தாஹிர் அதைத் தமிழாக்கினார். "கடல் மரந்தான் எண்டு துரை ஒத்துக்கிட்டார், அருளப்பு."

"பின்ன? கண்டக்குழிக் கரையில ஒதுங்கினதக் கள்ளுத் தவறணையில எடுத்தன் எண்டா சொன்னன்?"

பின்பாதியை தாஹிர் மொழிபெயர்க்கவில்லை. அருளப்பு பேசுவதில் பாதியை விழுங்கினால்தான் துபாசி வேலை நிலைக்கும்.

யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுப் போன மறு வருஷம் அது. துரையின் கையெழுத்து விழுந்த பாஸ் இல்லாமல் கற்பிட்டிப் பக்கம் ஒரு வள்ளமும் கடலில் இறங்க முடியாது. அருளப்புவின் வள்ளம் நாற்பத்திரண்டு நாளாக மணலில் கிடந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் பெண்சாதி மக்தலேனா மரவள்ளியை அவித்து அவித்துப் போட, பிள்ளைகள் பானையைக் கண்டாலே அழுதார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் துரை வாத்துச் சுடப் போய், சாராய வெறியில் உப்பளத்து வரம்பிலிருந்து தலைகீழாக விழுந்தார். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தகப்பன் கொடுத்த துவக்கில், தோளில் முட்டுக்கொடுக்கிற மரப்பிடங்கு மட்டும் இரண்டாக முறிந்தது.

புதுப் பிடங்குக்கு வோல்நட் மரம் வேண்டும், கொண்டுவருகிறவனுக்குப் பாஸ் என்று சொல்லிவிட்டார். சீமையில் வளர்கிற மரம். புத்தளத்தில் அதன் சருகைக்கூட எவனும் கண்டதில்லை.

அருளப்பு முதலில் முதிரை மரம் கொண்டுவந்தான். "இது வாத்தைச் சுடவா, வாத்தை அடிக்கவா?" என்று துரை தூக்கிப் போட்டார். தேக்கு கொண்டுவந்தான், வெடிக்கிற அதிர்ச்சியில் பிளந்துபோகும் என்றார். பலாவைக் கண்டதும், "இதில் உன் சவப்பெட்டியைச் செய்," என்றார். அதையும் தாஹிர் மொழிபெயர்க்கவில்லை.

இது நாலாவது.

துரை இரண்டு முனைகளிலும் வெடிப்புத் தேடினார், இல்லை. கணுத் தேடினார், அதுவும் இல்லை. விரலில் எச்சில் தொட்டு இழுக்க, கறுப்பும் பழுப்புமாக ரேகை எழும்பியது. துவக்கின் கழுத்து வருகிற ஒடுக்கமான இடத்தில் ரேகை நேராக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் வெடியிலேயே முறியும் என்று பாடம் நடத்தினார். ஓடியது, கோடு கிழித்தது போல. தோளில் முட்டுகிற பக்கம் அது புகை மாதிரிச் சுழித்திருந்தது.

பிறகு காதோரம் பிடித்து விரல் மடக்கித் தட்டினார். 'டங்' என்றது.

"மேலேதான் ஈரம். உள்ளே ஐம்பது வருஷம் காய்ந்த மரம்!" துரையின் மூக்கு சிவந்துவிட்டது. "ஏதோ கப்பலில் கப்டனின் அறையை அலங்கரித்திருக்கும். எந்தக் கப்பல் என்று கேள்."

தாஹிர் கேட்டார்.

"கப்பல் பேரு சொல்லிட்டா தாழும், தாஹிர் நானா? பாவம், எத்தினை சனம் செத்துதோ."

இதை தாஹிர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். துரை தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார். அருளப்பு சிலுவை போட்டுக்கொண்டான். இருவருக்கும் நடுவில் சும்மா நிற்கக் கூடாதென்று தாஹிரும் இரண்டு கையை ஏந்தினார்.

தேத்தண்ணியோடு வந்த குசினிக்காரன் ரஸாக் வாசலிலேயே திகைத்து நின்றான். "யா அல்லாஹ்! யாரு மௌத்து?"

"கப்பல்காரங்க. நீ கோப்பைய வைய்."

துரை ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து இந்தப் பங்களாவில் எதுவுமே ஒழுங்கில்லை என்று பொரிந்து தள்ளினார். தேத்தண்ணியில் புகை மணக்கிறது. மேசையில் பந்து உருட்டுகிற பிலியட்ஸில் நாலு நாளாக டாக்டர் துரையிடம் தோல்வி. பந்து தன்பாட்டில் உருள்கிறது. சீமையிலிருந்து இறக்கிய அருமையான மேசை, இந்த ஊர் உப்புக் காற்றில் கெட்டுப்போயிற்று.

"என்னவாம்?" என்றான் அருளப்பு.

"ஊரத் திட்டுறார். ஒனக்கு ஒண்டுமில்ல."

துரை கடதாசியில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதப் பாஸ். அருளப்பு அதை இரண்டு கையாலும் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, கொஞ்ச நேரம் வாசித்தான்.

அவன் புறப்படுகிற நேரம் துரை உள்ளே போய் நீளமான தோல்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். திறந்தால், முறிந்த துவக்கின் கூடப்பிறந்தது போல இன்னொரு துவக்கு. அவர் சொல்லச் சொல்ல தாஹிரின் முகம் கறுத்தது.

"என்ன நானா, பாஸைத் திரும்பக் கேக்கிறாரா?"

"இல்லடா. ஜோடித் துவக்காம். ஒண்டுக்குப் புதுசு போட்டா மத்ததுக்கும் அதே மரத்துல போடணுமாம். வார ஞாயித்துக்குள்ள இன்னொரு துண்டு குடுத்தா, வருஷம் முழுக்கப் பாஸ்."

அருளப்பு தாடியைச் சொறிந்தான்.

"ஒத்துக்காத," என்றார் தாஹிர். "கடல் என்ன ஒன்ட மாமியார் வீடா, கேட்டதும் திரும்பத் தர? இல்லெண்டு சொல்லிர்றேன்."

"கொண்டாறன் எண்டு சொல்லுங்க நானா."

துரை துண்டைக் குழந்தையைப் போலத் தூக்கி அணைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை அருளப்பு காத்திருந்தான். பிறகு, கோப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ரஸாக்கின் பக்கம் குனிந்தான்.

"மச்சான், அந்தப் பந்து மேசைக்கு இன்னும் எத்தினை கால் மிச்சம் இருக்கு?"