தனிக் கத்தி

அயர்லாந்தின் கால்வே நகரில் மத்தியானத்திலிருந்தே மழை. ஆஸ்பத்திரி ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் ஃபெஸ்டியின் முகம் இன்னும் ஒட்டிப்போய்த் தெரிகிறது. கட்டிலருகே அவன் மனைவி நூலா உட்கார்ந்திருக்கிறாள். மடியிலுள்ள கைப்பைக்குள் கோதுமை சேராத ரொட்டி. கோதுமை அவன் குடலுக்கு ஆகாது என்று தெரிந்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக வீட்டில், வருகிறவர்களின் ரொட்டித்தூள் ஒட்டிவிடாமல், அவனுக்குத் தனிக் கத்தி, தனி வெண்ணெய். அவன் ஏங்கிவிடக் கூடாதென்று அவளும் கோதுமையைத் தொட்டதில்லை. "சிறுகுடல்ல இருக்கிறது லிம்போமா, புற்றுநோய்தான். திங்கக்கிழமை கீமோ ஆரம்பிச்சிடலாம்," என்கிறார் டாக்டர். "ஒத்துக்காதவங்க கோதுமையை விடாம சாப்பிட்டா இது வர வாய்ப்பு அதிகம். நடுவுல எப்பவாவது சாப்பிட்டீங்களா?" "ஒரு துணுக்குகூடக் கிடையாது டாக்டர்," என்று நூலா முந்திக்கொள்கிறாள். ஃபெஸ்டி போர்வையின் ஓரத்து நூலைப் பிரிக்கிறான். குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு... டெலியா வீட்டுல. கோதுமை மாவுல சுட்ட சோடா ரொட்டி," என்கிறான். "எத்தனை ஞாயிறு?" என்கிறாள் நூலா. "எல்லா ஞாயிறும்." "என் தங்கச்சிக்கு உன் வயித்தைப் பத்தித் தெரியாதா?" "தெரியும். அக்கா சும்மா பயமுறுத்துறா, ஒரு துண்டு என்ன பண்ணிடும்னு சொல்லுவா. ரெண்டு பேரும் சிரிப்போம்." டாக்டர் காகிதத்தைப் பார்க்கிறார். நூலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது. திரும்பாமலே, யாரையோ விசாரிப்பதுபோலக் கேட்கிறாள். "மோர் ஊத்திப் பிசைவாளா, எங்கம்மா மாதிரி?" "அப்படியேதான்," என்கிறான். "அதே ருசி."