இரட்டைத் தையல்

அனைவரும் அமைதி காக்கவும்: உலகப் பொருளாதாரத்தைத் தாங்கும் வங்கி மேலாளர் தமது மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். எதிரே தையற்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு. அடைத்து முடித்த கடனைக் 'கட்டவில்லை' என்று இந்த வங்கி எழுதி வைத்திருப்பதால், புதுக் கடை போட அவளுக்கு எங்கும் கடன் கிடைக்கவில்லை. ரசீதுகளை ஒன்றாக அடுக்கித் தைத்தே கொண்டுவந்திருக்கிறாள். ஜன்னல் வெயிலில் சிவப்பு நூல் மினுங்குகிறது. 'கடன் தீர்ந்தது' என்ற கடைசித் தாளை மேலாளர் உருவப் பார்க்கிறார், வரவில்லை. "இரட்டைத் தையல் சார். போன தடவை குடுத்தது தொலைஞ்சுபோச்சுன்னீங்களே." "இப்படி யார் வேணா கையெழுத்துப் போட்டுத் தரலாம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது." அவள் குரலை உயர்த்தவில்லை. துணியில் குறி போடும் சாக்பீஸால் அந்தக் கடைசித் தாளின் கையெழுத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் போடுகிறாள். "இது யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்." மின்விசிறி சுற்றுகிறது. மேலாளர் கண்ணாடியை மறுபடி துடைக்கிறார். அது மேலாளருடைய கையெழுத்து.